கள்ளிகளும் வினோதச் செடிகளும்: வளர்ப்பும் வியாபாரமும்

வேலியோரத்தில் தானே முளைத்துத் தானே வளரும் கள்ளியைத் தொட்டியில் வைத்துப் பேணினால் விலை கிடைக்கும் என்று சொன்னால், வறண்ட பிரதேசத்துக் குடியானவர் நகைப்பது இயல்பே. வெட்டி எறிந்த துண்டும் பிழைத்துக்கொள்ளும் செடியைக் காசு கொடுத்து வாங்குவார் யார் என்று அவர் கேட்பார். ஆயினும் பட்டணங்களில் மாடியிலும் ஜன்னலோரத்திலும் கையகல இடமே உடையவர்கள், நாள்தோறும் நீர் கேளாத இச்செடிகளை விரும்பி வாங்கி வருகின்றனர். மேல்நாடுகளில் இவ்வழக்கம் பழமையானது. ஜெர்மனியில் கள்ளி வளர்ப்போர் சங்கம் 1892-லும், அமெரிக்காவில் அத்தகைய சங்கம் 1929-லும் ஏற்பட்டன. இந்தியாவில், ஹரியானா மாநிலத்துப் பஞ்ச்குலாவில் 1987-ல் தொடங்கப்பெற்ற தேசியக் கள்ளித் தோட்டம் 7 ஏக்கர் பரப்புள்ளது. மேற்கு வங்கத்துக் காலிம்பொங் மலைச்சரிவுகளிலுள்ள நாற்றுப்பண்ணைகளும் இச்செடிகளுக்குப் பேர்பெற்றவை.

ஓய்வு நேரத்தில் செய்யத்தக்க இத்தொழிலுக்கு நஞ்சை வேண்டியதில்லை. கிணற்று நீரும் மிகுதியாக வேண்டியதில்லை. ஆனால் இதனோடு இரண்டு தீமைகள் ஒட்டி வருகின்றன. வேடிக்கைக்காக வளர்த்த செடி வேலியைத் தாண்டி ஊரையே பிடித்துக்கொள்வது ஒன்று. விற்பனைக்காக மலையிலும் காட்டிலுமுள்ள செடியை வேரோடு பெயர்த்து, அந்த இனத்தையே இல்லாமற் செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் அறிந்து நடப்பவருக்கே இத்தொழில் தகும்.

கள்ளி என்பது எது?

தமிழில் கள்ளி என்ற ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு குடும்பத்துச் செடிகள் வழங்கப்படுகின்றன. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் கீறினால் வெண்ணிறப் பால் வடியும். அப்பால் கண்ணிற்பட்டால் பார்வைக்கே கேடு விளையக்கூடும். ஆகையால் இவற்றை வெட்டும்போது கையுறை அணிவதும், வேலை முடியுமட்டும் கையைக் கண்ணருகே கொண்டு போகாதிருப்பதும் அவசியம்.

சப்பாத்திக்கள்ளி அல்லது நாகதாளி என்பது வேறு. இது கேக்டஸ் என்று வழங்கும் அமெரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் ஏறக்குறைய எல்லா இனங்களும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. மரக்கிளைகளில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ் என்னும் ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. கேக்டஸ் குடும்பத்தை அறிவதற்கு அடையாளம் எளிது. முட்கள் தண்டின்மேல் நேரே தோன்றாமல், பஞ்சு போன்ற சிறு திட்டு ஒன்றிலிருந்து கொத்தாகக் கிளம்பும். மாமில்லேரியா வகைகள் சிலவற்றில் பாலும் உண்டு. ஆதலால் பாலைக் காட்டிலும் இத்திட்டையே நம்பத்தகுந்த அடையாளமாகக் கொள்ளவேண்டும்.

இவற்றோடு, நீரைத் தண்டிலோ இலையிலோ வேரிலோ சேமித்து வைக்கும் வேறு பல செடிகளும் சேர்த்து விற்கப்படுகின்றன. கற்றாழை வகைகள், மருள், ரணகள்ளியின் இனங்கள், பாலைவன ரோஜா என்று பேர்பெற்ற அடீனியம் முதலியவை அவை. நம்மவர் துவையலுக்குப் பறிக்கும் பிரண்டையைக் கூட மேல்நாட்டார் வினோதச் செடியாகத் தொட்டியில் வளர்க்கின்றனர்.

இச்செடிகள் வறட்சியைத் தாங்கும் காரணத்தை அறிந்தால் வளர்ப்பு முறையும் விளங்கும். நெல்லும் வாழையும் பகலில் மூச்சுத் துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்கின்றன; அப்போது நீரும் ஆவியாகிப் போகிறது. கள்ளியினங்களோ வெயில் தணிந்த இரவிலேயே அத்துளைகளைத் திறக்கின்றன. இரவில் உட்கொண்டதைப் புளிப்புப் பொருளாக மாற்றி வைத்து, பகல் வெளிச்சத்தில் அதைக்கொண்டு உணவு சமைத்துக்கொள்கின்றன. இம்முறையில் நீர்ச்செலவு குறைவு, வளர்ச்சியும் மெதுவே. ஆகவே இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ச்சியை விரைவுபடுத்த முயல்பவர் செடியை இழப்பார்.

மண்ணும் நீரும்

சமவெளியில் கள்ளி சாவது பெரும்பாலும் வெயிலினால் அன்று; வேரில் தேங்கிய நீரினால்தான். செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை எரு அரைப் பங்கு, உடைத்த செங்கற் சல்லி அரைப் பங்கு ஆகிய கலவை பெரும்பாலான இனங்களுக்குப் போதும். மணல் உப்பில்லாததாக இருத்தல் வேண்டும். புதுச் சாணம் அழுகலை வருவிக்கும். ஆகையால் அதை விலக்குக. சுட்ட மண் தொட்டி நீரை விரைவில் உலர்த்துவதால் தொடக்கக்காரருக்கு அதுவே ஏற்றது. அடியில் துளையில்லாத தொட்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் உதவாது.

நீர் ஊற்றுவதற்கு நாட்கணக்கு வைத்துக்கொள்ளலாகாது. ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்து, அதில் ஈரமண் ஒட்டாதபோது தொட்டி முழுவதும் நனைய ஊற்றவேண்டும். பிறகு மறுபடியும் காயும்வரை விட்டுவிடவேண்டும். சிறுகச் சிறுக நாள்தோறும் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரை வாட்டும்.

வருஷத்தில் இரண்டு காலங்களில் விசேஷக் கவனம் தேவை. சித்திரை, வைகாசியில் இரவும் வெப்பம் தணியாதபோது பல இனங்கள் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுகொள்ளும். அப்போது நீரைக் குறைத்து, உச்சிவெயில் நேரே படாதபடி பாதி நிழல் தரும் வலையோ கீற்றோ மேலே கட்டவேண்டும். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை இன்னும் கொடியது. பத்து நாள் விடாமழையில் நனைந்த தொட்டிகளில் பாதி அழுகிப்போதல் கூடும். ஒளி புகும் கூரையின்கீழ், தரையிலிருந்து முழ உயரத்துப் பரண்மேல் தொட்டிகளை வைத்தல் நன்று. நாற்புறமும் காற்று செல்லவேண்டும். முற்றிலும் இருளான இடத்தில் வைத்தால் செடியின் முனை வெளுத்து ஊசிபோல் நீளும். அவ்வாறு நீண்ட செடி பின்னர் வெயிலில் வைத்தாலும் பழைய வடிவை அடையாது, விலையும் போகாது.

விதை, துண்டு, ஒட்டு

துண்டு வைத்தல் எளிதான முறை. கூரிய கத்தியால் வெட்டிய துண்டை உடனே நடலாகாது. நிழலில் ஒரு வாரம் வைத்து, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டிய பிறகே மணலில் நிறுத்தவேண்டும். இந்த ஒரு வாரப் பொறுமை இல்லாமையே தொடக்கக்காரர் பலருடைய நஷ்டத்துக்குக் காரணம்.

விதைமுறை தாமதமானது, ஆயினும் வியாபாரத்துக்கு அடிப்படை இதுவே. சலித்த மணலும் இலை எருவும் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, விதையை மேலே தூவவேண்டும். கேக்டஸ் விதை மிகச் சிறியதாதலால் மண்ணால் மூடவேண்டியதில்லை. கண்ணாடித் தகட்டால் தட்டை மூடி, ஈரம் குறையாமல் நிழலில் வைத்தால், பல இனங்கள் ஒன்றிலிருந்து மூன்று வாரங்களுக்குள் முளைக்கும். அவை விற்பனைக்குரிய அளவை அடைய இரண்டு மூன்று வருஷங்கள் செல்லும். அடீனியமோ விரைவானது. புது விதை ஒரு வாரத்தில் முளைக்கும். நன்கு பேணினால் ஓராண்டளவில் பூக்கத் தொடங்கும். தொட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் பருத்த அடிவேரைச் சிறிது மேலே தூக்கி நட்டால், பார்வைக்கு முதிர்ந்த மரம்போல் தோன்றி விலை உயரும். இதன் பாலும் நஞ்சே. ஆப்பிரிக்காவில் வேடர்கள் அம்பு நுனியில் தடவப் பயன்படுத்தியது. குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாதபடி வைத்தல் வேண்டும்.

ஒட்டுமுறையில் குடியானவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. இப்போது தமிழ்நாட்டில் பழத்துக்காகப் பயிரிடப்படும் டிராகன் பழக் கொடியும் கேக்டஸ் குடும்பத்ததே. கவாத்துச் செய்து கழிக்கும் அதன் தண்டுகள் ஒட்டுக்கு அடித்தண்டாக உதவும். கடைகளில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பந்துபோல் காணப்படும் சிறு கள்ளி, ஜப்பானில் 1941-ல் நாற்றுகளிடையே தோன்றிய மாறுதலிலிருந்து வந்தது. அதில் பச்சையம் இல்லை. ஆகையால் தன் வேரில் பிழைக்கமாட்டாது. பச்சைத் தண்டின்மேல் ஒட்டவைத்தால் மட்டுமே வாழும். தென்கொரியர் இவ்வொட்டுக் கள்ளியைப் பெரும் ஏற்றுமதித் தொழிலாகவே வளர்த்துவிட்டனர்.

அடித்தண்டை ஒரு சாண் உயரத்தில் மட்டமாக வெட்டினால் நடுவில் வளையம் ஒன்று தெரியும். மேலே வைக்கும் துண்டிலும் அத்தகைய வளையம் உண்டு. இரண்டு வளையங்களும் ஓரிடத்திலேனும் ஒன்றையொன்று தொடும்படி வைத்து, ரப்பர் வளையத்தால் தொட்டியோடு சேர்த்து அழுத்திக் கட்டவேண்டும். சுமார் பத்து நாட்களில் ஒட்டு கூடிவிடும். இத்தகைய ஒட்டுச்செடி சில ஆண்டுகளே நன்றாயிருக்கும் என்பதை வாங்குவோரிடம் சொல்லி விற்பதே நேர்மை.

பூச்சிகள்

மாவுப்பூச்சியே முதற் பகை. தண்டின் இடுக்கில் வெண்பஞ்சுபோல் காணும்போதே, சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கவேண்டும். காரணமின்றி வாடும் செடியைத் தொட்டியிலிருந்து தட்டி வேரைப் பார்த்தல் வேண்டும். வேரிலும் இப்பூச்சி வகை உண்டு. செதிற்பூச்சியும் சிலந்திப்பேனும் கோடையில் தோன்றும். வேப்பெண்ணெய்க் கரைசல் இவற்றை அடக்கும். அடியில் பழுப்பு நிறம் கண்டு மெத்தென்றான செடியைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. பழுப்பு முற்றும் நீங்கும்வரை மேலே மேலே வெட்டி, எஞ்சிய நல்ல பாகத்தை உலர்த்தி மீண்டும் நடவேண்டும்.

புதிதாக வாங்கிய செடியை ஒரு மாதமேனும் தனியே வைத்துப் பார்ப்பது உசிதம். வெளியிலிருந்து வந்த ஒரு பூச்சி என்ன செய்யும் என்பதைக் கோயமுத்தூர் பக்கத்துக் குடியானவர்கள் நேரே கண்டிருக்கின்றனர். அங்கே 2008-ல் முதன்முதல் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியை மட்டுமன்றி மரவள்ளியையும் மல்பெரியையும் பாழாக்கியது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. இக்காரணத்தினாலேயே வெளிநாட்டுச் செடியையோ துண்டையோ அனுமதிச் சீட்டும் நோயின்மைச் சான்றும் இன்றிக் கொண்டுவருவதை 2003-ஆம் வருஷத்திய தாவரத் தடுப்பு உத்தரவு விலக்குகிறது. பிரயாணப் பெட்டியில் ஒளித்துக் கொணரும் ஒரு சிறு துண்டும் இவ்விதிக்கு உட்பட்டதே.

விற்பனை

தொடங்குவோர் பெருமுதல் இடுதல் தகாது. பத்துப் பன்னிரண்டு இனங்களில் நல்ல தாய்ச்செடிகளை வாங்கி, இரண்டு ஆண்டுகள் பெருக்கக் கற்ற பின்னர் விற்பனையை நினைப்பதே முறை. ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் பெயர், எங்கிருந்து பெறப்பட்டது, விதைத்த அல்லது நட்ட தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டு இருக்கவேண்டும். சேகரிப்போர் பெயரறியாச் செடிக்குப் பாதி விலையும் தருவதில்லை.

இச்செடிகளைத் தபாலில் அனுப்புவதும் எளிது. மண்ணை நீக்கி, வேரை உலர்த்தி, தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரப் பிரயாணத்தைத் தாங்கும். ஈரத்தோடு கட்டினால் வழியிலேயே அழுகும். இவ்வியாபாரம் மோஸ்தரைச் சார்ந்தது என்பதையும் மறக்கலாகாது. இவ்வருஷம் எல்லோரும் கேட்கும் செடியை எல்லோரும் பெருக்கினால், சில ஆண்டுகளில் அதன் விலை வீழும். ஆகையால் நிலத்தின் வருமானத்தை விட்டு இதை நம்புதல் தவறு. பயிர் வேலை குறைந்த நாட்களுக்கு உரிய துணைத் தொழிலாகக் கொள்வதே அறிவுடைமை.

நாகதாளி கற்பித்த பாடம்

இனி, முதலிற் கூறிய தீமைகளுள் முதலாவதைப் பார்ப்போம். நாகதாளியின் வரலாறே அதற்குச் சான்று. மெக்ஸிகோ தேசத்தில் நாகதாளியின்மேல் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுக்கப்பட்டது. அச்சாயத்தில் ஆசைகொண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் சென்னைச் சைதாப்பேட்டையில் நாகதாளித் தோட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். 1795-ல் நீல்ஸன் என்னும் காப்டன் பிரேஸில் தேசத்து ரியோ துறைமுகத்திலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அது உயர்ந்த சாயப்பூச்சி அன்று. சாயம் மட்டமாகவே கிடைத்தது. ஆனால் அது ஓரின நாகதாளியைத் தின்று அழித்ததைக் கண்டு, 1836-க்குப் பின் தென்னிந்தியாவிலும் அதைப் பரப்பினர். ஒரு களையை அடக்க அதன் பகைப்பூச்சியை வேண்டுமென்றே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்றதற்கு உலகிலேயே முந்திய உதாரணமாக இதைக் கூறுவர்.

ஆனால் மற்றோரினம் எஞ்சியிருந்தது. சென்னை ராஜதானியின் வறண்ட ஜில்லாக்களில் புறம்போக்கையும் மேய்ச்சலையும் அடைத்துக்கொண்டு, பாம்புக்கும் பன்றிக்கும் புகலிடமாய் நின்றது அதுவே. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பின. வெட்டிய மட்டை விழுந்த இடத்தில் வேரூன்றிற்று. முன் வந்த பூச்சி இதைத் தீண்டவில்லை. ஏனெனில் அப்பூச்சிகளுள் ஒவ்வொன்றும் தனக்குரிய இனத்தையே நாடும். 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு வகைச் சாயப்பூச்சி தருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் முட்புதர்கள் சரிந்து மடிந்தன. இன்றும் நாகதாளி மட்டையில் காணும் வெண்பஞ்சை நசுக்கினால் இரத்தம்போன்ற சாறு வருமாயின், அது அப்பூச்சியே என்று அறியலாம்.

ஆஸ்திரேலியாவின் நிலை இன்னும் மோசமாயிற்று. 1839-ல் சிட்னியிலிருந்து ஸ்கோன் என்னும் ஊருக்கு ஒரு தொட்டியில் நாகதாளி கொண்டுபோகப்பட்டதாகப் பதிவு உண்டு. பின்னர் வேலிக்காகவும் அது பல இடங்களில் நடப்பட்டது. 1925-ஆம் ஆண்டளவில் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் சுமார் 6 கோடி ஏக்கர் நிலத்தை அது பிடித்துக்கொண்டது. குடியானவர் பலர் நிலத்தை விட்டே வெளியேறினர். அர்ஜென்டினாவிலிருந்து 1925-ல் தருவித்து 1926 முதல் பரப்பிய ஒரு அந்துப்பூச்சியின் புழுக்களே அந்நிலத்தை மீட்டன. அப்பூச்சியின் ஞாபகார்த்தமாகக் குவீன்ஸ்லாந்துக் குடியானவர்கள் 1936-ல் ஒரு மண்டபமே எழுப்பினர்.

மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த ஒருவகை ரணகள்ளியையும் குறிப்பிடவேண்டும். அதன் இலைநுனியில் எண்ணற்ற குஞ்சுச் செடிகள் தோன்றி உதிர்ந்து, விழுந்த இடமெல்லாம் முளைக்கும். தொட்டியில் அழகானதே, ஆனால் கால்நடைகளுக்கு நஞ்சு. 1997-ல் நியூ சவுத் வேல்ஸில் மோரே என்னும் ஊரருகே இதைத் தின்று நூற்றுக்கு மேற்பட்ட மாடுகள் மாண்டன. நம் நாட்டில் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் அழகுக்காக வந்தவைதாமே. ஆகையால் கழித்த துண்டுகளைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ எறியாமல், வெயிலில் நன்கு உலர்த்தி எரித்துவிடுதல் வளர்ப்போரின் கடமை.

காட்டுச் செடியைத் தொடலாகாது

இரண்டாவது தீமை இதற்கு நேர்மாறானது. பரவும் செடி ஊரைக் கெடுக்கிறது. பரவாத அபூர்வச் செடியை மனிதர் கெடுக்கின்றனர். 2015-ல் வெளியான உலகளாவிய ஆராய்ச்சியின்படி, கேக்டஸ் இனங்களில் 100-க்கு 31 அழியும் நிலையை நெருங்கியுள்ளன. அவ்வாறு நெருங்கியவற்றுள் ஏறக்குறையப் பாதியினங்களுக்கு, வியாபாரத்துக்காகவும் சேகரிப்புக்காகவும் பறிப்பது ஒரு காரணமாகும். 2020-ல் இத்தாலி தேசத்தில், சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து களவாடப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளிகள் பிடிபட்டன. பல பத்தாண்டுகள் மெதுவே வளர்ந்த செடிகள் அவை. அவற்றுள் 800-க்கு மேற்பட்டவை மறுவருஷம் சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. தென்னாப்பிரிக்காவிலும், கூழாங்கல் போன்ற கோனோஃபைட்டம் என்னும் சிறு செடிகள் 2019-க்குப் பின் பெருந்தொகையாகத் தோண்டப்பட்டுக் கடத்தப்பட்டன.

1975 ஜூலை 1 முதல் அமலிலுள்ள சர்வதேச உடன்படிக்கையின்படி, கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும், சதைப்பற்றுள்ள கள்ளி வகைகளும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இந்தியா 1976-ல் அதிற் சேர்ந்தது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் அக்கட்டுப்பாடு இடம்பெற்றுள்ளது. உரிய சீட்டின்றி இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதோ தருவிப்பதோ குற்றமாகும். காப்புக்காட்டிலிருந்து செடியெடுப்பது உள்நாட்டிலும் குற்றமே.

நம் வறண்ட குன்றுகளிலும் விலைமதிப்புள்ள செடிகள் உண்டு. குடியானவர் பச்சையாகக் கடித்துத் தின்னும் கள்ளிமுளையானின் சாரம், உடலை மெலிவிக்கும் மருந்தென்று வெளிநாடுகளில் விற்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள செரோப்பீஜியா கொடிகளில் பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை. இவற்றைத் தோண்டி ஒருமுறை விற்பவருக்கு ஒருமுறைப் பணமே கிடைக்கும். கள்ளிமுளையானோ துண்டிலிருந்து எளிதில் வேர்விடுவது. தன் வேலியோரத்தில் உள்ள ஒரு செடியிலிருந்து துண்டெடுத்துத் தொட்டியில் பெருக்குபவருக்கு ஆண்டுதோறும் விற்பனை உண்டு, குன்றும் குறைவுபடாது.

இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகளின் உதவி பெரிது. புறம்போக்கில் இதுவரை காணாத முட்செடியொன்று பரவக் கண்டால், அது காலடி அகலமாயிருக்கும்போதே விவசாய இலாகாவுக்குத் தெரிவித்தல் வேண்டும். காணியளவு பரவிய பின் செலவு பன்மடங்காகும். மலையடிவாரத்தில் சாக்குப் பையும் கடப்பாரையுமாய்ச் செடி தோண்ட வருவோரைக் கண்டால், வன இலாகாவுக்கு அறிவித்தல் வேண்டும். செடி வளர்ப்போர் தம்மை அளந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: விற்கும் செடி தம் கையால் விதைத்ததா, துண்டிட்டதா, ஒட்டியதா? அதற்கு ஆம் என்று சொல்லக்கூடியவர், வேலிக்குப் புறத்தே ஒரு துண்டும் விழாமற் பார்த்துக்கொள்வாராயின், அவர் தொழிலால் தமக்கும் ஊருக்கும் நன்மையே விளையும்.